அரசுச் செலவில் தனி உதவியாளர்: குடும்பத்தின் இடம் எது?

எழுந்திருப்பது முதல் படுப்பது வரை பிறர் கையை எதிர்பார்த்து வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுச் செலவில் தனி உதவியாளர் கொடுப்பது பல நாடுகளில் சட்டமாகியிருக்கிறது. இதையொட்டி அடிக்கடி எழுப்பப்படும் கேள்விகள் இரண்டு. பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் இருக்கும் வீட்டில் அரசு ஏன் அந்தச் செலவை ஏற்க வேண்டும்? ஏற்பதென்று ஆனபின், அந்த ஊதியத்தைக் குடும்பத்தாருக்கே கொடுத்துவிட்டால் என்ன?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பம் செய்யும் உதவி அந்தக் குடும்பத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. அதை ஏற்பதும் மறுப்பதும் மாற்றுத்திறனாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. அரசு அந்த உதவியைத் தன் கையிருப்பாகக் கணக்கில் எழுதிக்கொண்டு, மிச்சத்துக்கு மட்டும் பொறுப்பேற்பது தவறு. குடும்பத்தாருக்கு ஊதியம் தருவது பல வீடுகளில் நியாயமான ஏற்பாடுதான். ஆனால், வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்வதற்கான பணமும் உரிமையும் அந்த மாற்றுத்திறனாளியின் கையில் உண்மையாகவே இருக்கும்போதுதான் அது நியாயமாகும். இல்லாவிட்டால் வேறு வழியில்லாத நிலைக்குத்தான் சம்பளம் என்று பெயர் வைத்திருப்போம்.

தனி உதவியாளர் என்றால் யார் என்பதில் தெளிவு இல்லாததால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. இவர் செவிலியர் அல்லர். நேரம் குறித்து வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகும் பராமரிப்புப் பணியாளரும் அல்லர். மாற்றுத்திறனாளி தன் கையால் செய்திருக்கக்கூடிய வேலையை, அவர் சொல்லும் நேரத்தில், அவர் சொல்லும் விதத்தில், அவர் சொல்லும் இடத்தில் செய்துகொடுப்பவர் இவர். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 19-ஆவது பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து சுதந்திரமாக வாழும் உரிமையைப் பேசும்போது இந்தத் தனிநபர் உதவியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தப் பிரிவுக்கு உடன்படிக்கைக் குழு 2017-இல் எழுதிய விளக்கவுரை இன்னும் துல்லியமானது. பணம் அவரவர் தேவையை அளந்து தரப்பட வேண்டும். அந்தப் பணத்தின் மீதான ஆளுகை மாற்றுத்திறனாளியிடம் இருக்க வேண்டும். உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும் மேற்பார்வையிடுவதும் அவரே. அவர் சம்மதமில்லாமல் ஒரே உதவியாளரைப் பலருக்குப் பங்கிடக் கூடாது. இந்த நிபந்தனைகளை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், தாயோ தந்தையோ செய்யும் சேவை எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் இந்த வரையறைக்குள் தானாக அடங்கிவிடாது என்பது புரியும். தாயை யாரும் வேலைக்குத் தேர்ந்தெடுப்பதில்லை; வேலையை விட்டு அனுப்புவதும் இல்லை.

இந்த எண்ணம் அரசு அலுவலகங்களில் தோன்றியதல்ல. அமெரிக்காவின் எட் ராபர்ட்ஸ் 14 வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். இரவில் மூச்சுவிட இரும்பு நுரையீரல் என்னும் கருவிக்குள் படுக்க வேண்டியிருந்தது. 1962-இல் அவர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அந்தக் கருவியை வைக்கத் தகுந்த விடுதி அறை இல்லாததால் வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அவரும் தோழர்களும் எழுப்பிய இயக்கத்திலிருந்து 1972-இல் பெர்க்லியின் சுதந்திர வாழ்வு மையம் பிறந்தது. அவருடைய தாய் ஸோனா ராபர்ட்ஸின் பங்கை இங்கே குறிப்பிட வேண்டும். உடற்பயிற்சிப் பாடத்தையும் வாகனம் ஓட்டும் பாடத்தையும் முடிக்கவில்லை என்று சொல்லி மகனுக்குப் பள்ளிச் சான்றிதழ் மறுக்கப்பட்டபோது போராடி அதைப் பெற்றுத் தந்தவர் அவர். பிறகு மகன் வீட்டை விட்டுச் சென்று, ஊதியம் பெறும் உதவியாளர்களோடு வாழ்ந்தார். அதனால் தாயின் இடம் சிறுத்துவிடவில்லை. குளிப்பாட்டும் வேலை அவர் கையை விட்டுப் போனது, மகனுக்காக நிற்கும் வேலை போகவில்லை.

ஸ்வீடனில் இதே எண்ணத்தை வேரூன்றச் செய்தவர் அடால்ஃப் ராட்ஸ்கா. ஜெர்மனியில் பிறந்து, பதின்வயதில் போலியோவுக்கு ஆளாகி, மருத்துவமனையில் ஆண்டுகளைக் கழித்து, கலிபோர்னியாவில் உதவியாளர்களோடு படித்தபின் ஸ்வீடனில் குடியேறியவர். 1980-களில் ஸ்டாக்ஹோமில் அவரும் நண்பர்களும் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் உதவி பெறுபவர்களே உறுப்பினர்களாக இருந்தார்கள், உதவியாளர்களுக்கு முதலாளிகளாகவும் இருந்தார்கள். அந்த அனுபவத்தைப் பின்பற்றி, பெங்ட் வெஸ்டர்பெரி சமூக நல அமைச்சராக இருந்த காலத்தில் உருவான சட்டம் 1994 ஜனவரி 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற அடிப்படைத் தேவைகளுக்கு வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் உதவி வேண்டியவருக்கு நடுவண் அரசின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு. அதற்குக் கீழே என்றால் நகராட்சி பொறுப்பு. தகுதி கிடைத்தபின் வேலைக்குப் போகவும், நண்பர்களைப் பார்க்கவும், பயணம் செய்யவும் தேவையான நேரமும் சேர்த்துக் கணக்கிடப்படும்.

குடும்பம் மட்டுமே உதவும் நிலையில் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் இந்தச் சட்டங்களின் தேவை விளங்கும். கழிப்பறைக்குத் தூக்கிச் செல்ல அம்மாவைத் தவிர யாரும் இல்லாத ஓர் இளம்பெண்ணை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு இடுப்பு வலி. வேலையிலிருந்து அவர் மாலையில்தான் திரும்புவார். அந்தப் பெண் காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள். நண்பகலில் நாக்கு வறண்டாலும் குடிக்க மாட்டாள். இதன் விளைவு சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் குடிக்காமல் இருக்கிறாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் சொன்னால் அம்மா அழுவார். இரவில் படுக்கைப்புண் வராமலிருக்கச் சில மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அம்மா அசந்து தூங்கும்போது எழுப்ப மனம் வராமல் விடியும் வரை ஒரே பக்கமாகக் கிடப்பவர்கள் உண்டு. அங்கே அன்புக்குக் குறையே இல்லை. அன்பு அதிகமாக இருப்பதால்தான் கேட்க முடியாமல் போகிறது. ஊதியம் பெறும் இரவு உதவியாளர் விழித்திருப்பதற்கென்றே வந்தவர். அவரிடம் கேட்பதற்குத் தயக்கம் வேண்டியதில்லை.

அந்தரங்கம் என்பதும் இதே இடத்தில்தான் பறிபோகிறது. கைப்பேசியில் வந்த செய்தியை அம்மா படித்துக் காட்ட வேண்டும். நண்பரைச் சந்திக்க அண்ணன் கூட வர வேண்டும். மருத்துவரிடம் கேட்க நினைத்த கேள்வியை அப்பா பக்கத்தில் நிற்பதால் விழுங்கிவிட வேண்டும். முப்பது வயதிலும் எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய் என்பதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. மற்ற இளைஞர்கள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெளியே போய் வருவார்கள். தன் உடையை மாற்றிவிடும் கையோடு சண்டை போட ஒருவருக்கு எங்கிருந்து துணிச்சல் வரும்?

மறுபக்கத்தில், பராமரிப்பவரின் வாழ்க்கையும் சுருங்குகிறது. பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் வாழ்க்கை. வேலையை விட்டவர் அவர், ஓய்வூதியச் சேமிப்பு இல்லாமல் முதுமைக்குப் போகிறவர் அவர், தன் அறுவை சிகிச்சையை ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போடுகிறவர் அவர். உடன்பிறந்த தங்கைக்கும் தம்பிக்கும் சிறு வயதிலிருந்தே சொல்லாமல் சொல்லப்படும் ஒரு கடமை இருக்கிறது. எந்த ஊரில் வேலை, யாரைத் திருமணம் என்பது வரை அது தீர்மானிக்கிறது. தனிநபர் உதவியை மாற்றுத்திறனாளிக்கு மட்டுமான உரிமை என்று எண்ணுகிறோம். நடைமுறையில் அது வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தங்கள் உறவைத் திருப்பித் தருகிறது.

அப்படியானால் குடும்பத்தின் கடமை எங்கே முடிகிறது, அரசின் கடமை எங்கே தொடங்குகிறது? சட்டங்கள் தடுமாறும் இடம் இதுதான். குழந்தை விஷயத்தில் ஒரு நியாயமான அடிப்படை இருக்கிறது: எல்லாப் பெற்றோரும் தங்கள் குழந்தைக்குச் செய்வதை இந்தப் பெற்றோரும் செய்யட்டும், அதற்கு மேற்பட்டது அரசுடையது. மூன்று வயதுக் குழந்தையை யாராக இருந்தாலும் குளிப்பாட்டத்தான் வேண்டும். பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் தாமே குளிக்கிறார்கள். அந்த வயதிலும் குளிப்பாட்ட வேண்டியிருந்தால் அது பெற்றோர் கடமையின் எல்லையைத் தாண்டிவிட்டது. இது கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பெற்றோர் செய்ய வேண்டிய நேரத்தை அலுவலர் தனித்தனியாக மதிப்பிட்டு உதவி நேரத்திலிருந்து கழிக்கும்போது ஒரே மாதிரியான இரண்டு குழந்தைகளுக்கு வெவ்வேறு நேரம் கிடைத்தது. அதனால்தான் ஸ்வீடன் 2023 ஜனவரியிலிருந்து, பெற்றோர் பொறுப்புக்காகக் கழிக்கும் நேரத்தை வயதுவாரியாக முன்கூட்டியே வரையறுத்துவிட்டது. எவ்வளவு கழிக்கலாம் என்பதில் வாதம் இருக்கலாம். ஆனால் கழிவு வெளிப்படையாக, எல்லாருக்கும் ஒன்றாக இருப்பது பெரிய முன்னேற்றம் என்றே கருதுகிறேன்.

வயது வந்தவர் விஷயத்தில் அப்படிக் கழிப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. இருபத்தைந்து வயது மகனைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது எந்தப் பெற்றோரின் வழக்கமான கடமை? ஆனாலும் தேவையை அளக்க வரும் அலுவலர் முதலில் கேட்பது, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். அந்தக் கேள்விக்குக் கொடுக்கும் பதில் நேரக் கணக்கைக் குறைத்துவிடுகிறது. அம்மா இருக்கிறார் என்றால் இரவு உதவி வேண்டாம், மனைவி இருக்கிறார் என்றால் சமையலுக்கு நேரம் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. திருமணம் செய்துகொண்டதற்காக உதவி நேரம் குறைவது எவ்வளவு கொடியது என்பதை யோசிக்க வேண்டும். கணவனோ மனைவியோ துணையாக வந்தவர், ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட வந்தவர் அல்லர். முழுத் தேவையையும் முதலில் அளந்து எழுதி, குடும்பத்தார் எதைத் தாமாகச் செய்ய விரும்புகிறார்கள் என்று அதன்பிறகு தனியாகக் கேட்டால், அந்த விருப்பம் மாறும்போது உதவியை மாற்றி அமைக்க முடியும். ஒன்றோடொன்று கலந்து எழுதிவிட்டால், அம்மா படுக்கையில் விழும் நாளில் எல்லாவற்றையும் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இனி ஊதியத்துக்கு வருவோம். குடும்பத்தாரை உதவியாளராக நியமிக்கலாமா என்பதில் நாட்டுக்கு நாடு விடை வேறுபடுகிறது. 2009-இல் தனிநபர் உதவியை உரிமையாக்கிய பின்லாந்து, நெருங்கிய உறவினரை நியமிக்கக் கூடாது என்பதையே விதியாக வைத்து, மாற்றுத்திறனாளியின் நலனுக்குச் சிறப்பான காரணம் இருந்தால் மட்டும் விலக்கு அளித்தது. இங்கிலாந்தில் நேரடியாகக் கையில் தரப்படும் உதவித்தொகையைக் கொண்டு, ஒரே வீட்டில் வாழும் துணையையோ நெருங்கிய உறவினரையோ பராமரிப்புக்கு வைத்துக்கொள்வதற்கு, அது அவசியம் என்று உள்ளாட்சி ஏற்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டமும் விதிவிலக்கான சூழலில்தான் அனுமதிக்கிறது. கலிபோர்னியா இதற்கு நேர்மாறானது. அங்கே மாநில வீட்டு உதவித் திட்டத்தில் ஊதியம் பெறுபவர்களில் பெரும்பாலோர் உறவினர்களே. ஸ்வீடன் நடுவே நிற்கிறது: உறவினர் உதவியாளராகலாம், ஆனால் ஒரே வீட்டில் வாழ்பவர் என்றால் மாற்றுத்திறனாளியே அவருக்கு முதலாளியாக இருக்க முடியாது, நகராட்சியோ கூட்டுறவோ நிறுவனமோதான் அவரைப் பணியமர்த்த வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. மகனுக்கும் தாய்க்கும் இடையில் மூன்றாவது ஒருவர் வந்துவிடுகிறார். வேலை நேரம், விடுப்பு, குறை சொல்லுதல் ஆகியவற்றைச் சாப்பாட்டு மேசையில் பேச வேண்டியதில்லை.

தடை விதிப்பவர்களின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. மகளின் உதவித்தொகையே வீட்டின் முதன்மை வருமானம் ஆகிவிட்டால், அவள் தனியாக வாழப்போகிறேன் என்று சொல்லும் நாளில் அப்பாவுக்கு வேலை போகிறது, வீட்டுக்கடன் தவணை நிற்கிறது. அதை அறிந்த மகள் சொல்லாமலே இருந்துவிடுவாள். யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லை. ஆனாலும் அவள் வெளியே போக முடியாது. இன்னொன்றும் உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு வீட்டார் மட்டுமே உதவியாளர்கள் என்றால், அங்கே ஏதாவது தவறு நடந்தால் பார்ப்பதற்கு வெளிக்கண் ஒன்றுகூட இல்லை.

அதற்காக முழுத் தடையை நான் ஏற்கவில்லை. பேச்சில்லாத பிள்ளையின் கண்ணசைவுக்குப் பொருள் சொல்லத் தெரிந்தவர் தாய் ஒருவராக இருக்கலாம். வலிப்பு வரும் முன் முகம் எப்படி மாறும் என்பது அண்ணனுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். ஆள் கிடைக்காத ஒதுக்குப்புறமான ஊர்களில் வெளி உதவியாளர் என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும் உரிமை. எல்லாவற்றுக்கும் மேலாக, என் அக்காவைத்தான் வைத்துக்கொள்வேன் என்று ஒருவர் தெளிவாகத் தேர்ந்தெடுத்தால் அதை மறுப்பதும் அவருடைய தேர்வுரிமையைப் பறிப்பதுதான். எனவே யாரை நியமிக்கலாம் என்று பட்டியல் போடுவதைவிட, அந்தத் தேர்வு பின்னால் மாறக்கூடியதாக இருக்கிறதா என்று பார்ப்பது மேல். உறவினருக்குத் தரும் அதே ஊதியம் வெளியாளுக்கும் தரப்படுமா? உதவி நேரத்தில் ஒரு பகுதியாவது வெளியாள் கையில் இருக்கிறதா? மாற்றுத்திறனாளியிடம் தனியாக, வீட்டார் இல்லாத இடத்தில், ஆண்டுக்கொருமுறையாவது யாராவது கேட்கிறார்களா? பணியிழக்கும் உறவினர் வேறு வேலைக்கு மாறும்வரை தாங்கிப்பிடிக்க ஏதேனும் இருக்கிறதா?

இந்த இடத்தில் ஜெர்மனியின் பராமரிப்புக் காப்பீட்டைப் பார்ப்பது பயனுள்ளது. 1995-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், தொழில்முறைப் பணியாளர் வந்து உதவுவதையும் தேர்ந்தெடுக்கலாம், பணமாகப் பெற்றுக் குடும்பத்தாரைக் கொண்டும் பார்த்துக்கொள்ளலாம். 2025-ஆம் ஆண்டின் கணக்கில், இரண்டாம் நிலைத் தேவை உள்ளவருக்குப் பணியாளர் சேவை என்றால் மாதம் 796 யூரோ வரை; பணமாகப் பெற்றால் 347 யூரோ. மிக உயர்ந்த ஐந்தாம் நிலையில் 2,299 யூரோவுக்கு எதிரே 990 யூரோ. அதே உடல், அதே தேவை. மகள் செய்தால் பாதிக்கும் குறைவு. குடும்பத்தார் வாரம் குறைந்தது 10 மணி நேரம் பராமரித்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவர்களுக்கான ஓய்வூதியப் பங்களிப்பையும் காப்பீடே செலுத்துகிறது என்பது அந்தத் திட்டத்தின் சிறந்த பகுதி. மற்ற நாடுகள் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஆனால் குறைந்த விலை இருக்கும் பக்கமே அரசுக்கு இலாபம் என்றால், குடும்பத்தை அந்தப் பக்கம் தள்ளும் ஆசை எந்த நிதி அமைச்சகத்துக்கும் வரும்.

தன் உதவியாளர்களைத் தானே மேலாண்மை செய்ய முடியாதவர்களுக்குத் தனி உதவியாளர் திட்டம் பொருந்தாது என்று ஒரு கருத்து பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. நார்வேயில் 2015 முதல், வாரம் குறைந்தது 32 மணி நேரம் உதவி தேவைப்படுவோருக்கு இது உரிமை. மாற்றுத்திறனாளியின் சார்பில் வேறொருவர் பணியை வழிநடத்தலாம். ஸ்வீடனில் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவு இருக்கிறது. அங்கே ஒவ்வோர் உறுப்பினருக்கும், அவருடைய உதவி தரமாகவும் தடையின்றியும் நடப்பதற்குப் பொறுப்பேற்கும் நெருக்கமானவர் ஒருவர் உண்டு. பல சமயம் அவர் பெற்றோரில் ஒருவர். குடும்பத்துக்கு நான் காணும் மிகச் சரியான இடம் இதுவே. பிள்ளையின் விருப்பு வெறுப்பை முப்பது ஆண்டுகளாகப் படித்தவர், அந்த அறிவைப் புதிதாக வரும் நான்கைந்து பேருக்குக் கொடுத்து, அவர்கள் செய்வதை உடனிருந்து கவனித்து, தவறினால் தட்டிக் கேட்கிறார். தூக்கிச் சுமக்கும் வேலையை அவர் செய்வதில்லை. தாய் இறந்தபிறகும் அந்தப் பொறுப்பை இன்னொருவர் ஏற்க முடியும்.

மோசடி நடக்காதா என்ற கேள்வியும் வரும். நடக்கிறது, ஸ்வீடனிலும் உதவி நேரத்தைப் பொய்யாகக் காட்டிப் பணம் பெற்ற வழக்குகள் தண்டனையில் முடிந்திருக்கின்றன. அதற்கு மருந்து, நேரக் கணக்கையும் நிறுவனங்களின் உரிமத்தையும் ஒழுங்காகச் சரிபார்ப்பது. தகுதி விதிகளை இறுக்கினால் மோசடிக்காரர்கள் அல்லாதவர்களே அகப்படுகிறார்கள்.

எல்லாப் பெற்றோரையும் இரவில் விழிக்க வைப்பது, எங்களுக்குப் பிறகு என்ன என்ற கேள்வி. இத்தாலி 2016-இல் இயற்றிய 112-ஆவது சட்டம் 'எங்களுக்குப் பிறகு' என்ற பெயராலேயே அறியப்படுகிறது. பெற்றோரின் ஆதரவு இல்லாமற்போகும், கடுமையான குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கென நிதியம் ஒன்றை அது அமைத்தது. அந்த ஏற்பாட்டைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கவும் வழி செய்தது. அதில் உள்ள நடைமுறை அறிவு முக்கியமானது. நாற்பது ஆண்டுகள் அம்மாவின் கையால் மட்டும் உண்டவர், அவர் மறைந்த வாரத்தில் அந்நியர் கையால் உண்ணப் பழக வேண்டியிருந்தால் அது இரட்டைத் துக்கம். அந்த நிலையில்தான் பலர் காப்பகங்களுக்குள் போய்ச் சேர்கிறார்கள்.

ஆகவே நான் பெற்றோர்களிடம் சொல்வது, பதின்ம வயதிலேயே வெளியாளைப் பழக்குங்கள் என்பதுதான். முதலில் வாரத்தில் சில மணி நேரம், பிள்ளை விரும்பும் ஒரு செயலுக்கு மட்டும்: நீச்சல், நூலகம், நண்பர் வீடு எதுவாகவும் இருக்கலாம். அப்போது பெற்றோர் உடன் போகக் கூடாது. உணவை எந்தப் பக்கம் வைத்து ஊட்டினால் புரையேறாது, ஆளைத் தூக்கி இடம் மாற்றும் கருவியின் பட்டையை எந்த வரிசையில் மாட்ட வேண்டும், வலி என்றால் எந்த ஒலி வரும் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். பேசக்கூடிய பிள்ளையானால் அதை அவரே சொல்லச் சொல்லி எழுதுங்கள். ஆள் வராத நாளுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். புதிய உதவியாளர் பழைய உதவியாளரோடோ தாயோடோ சேர்ந்து நின்று பழகும் சில வாரங்களுக்கு இருவருக்கும் ஊதியம் வேண்டும் என்று விண்ணப்பத்தில் தனியாகக் குறிப்பிடுங்கள். ஒரு வேலைக்கு இரண்டு பேரா என்று அலுவலகம் தயங்கலாம். அந்த வாரங்களைச் சேர்க்காமல் கணக்கிட்ட உதவி நேரத்துக்கு, முடிந்தவரை ஒப்புதல் கையெழுத்து போடாதீர்கள்.